ஒரு டன் குலைக்கு எத்தனை லிட்டர்?

மலேசியாவின் கோலா சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் முதலிய ஊர்களின் சாப்பாட்டுக் கடைகளில் பழைய டீசல் ஃபோர்-வீல் வண்டிகளைப் பற்றிய பேச்சு எழுந்துவிட்டால், ஒருவர் லேண்ட் ரோவருக்காகவும் மற்றொருவர் ஹைலக்ஸுக்காகவும் சத்தியம் செய்யாத குறையாக வாதாடுவதைக் கேட்கலாம். தம் வண்டி லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறது என்று சொல்பவர், அது கடற்கரைச் சாலையில் காலி வண்டி ஓடிய கணக்கா, அல்லது மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தோட்டத்துக்குள் செம்பனைக் குலை ஏற்றி வந்த கணக்கா என்பதைச் சொல்வதில்லை. எதிரே இருப்பவரும் கேட்பதில்லை. அளவுகோல் இல்லாத விவாதத்துக்கு முடிவும் இல்லை. ஆகவே, இரண்டு பழைய வண்டிகளில் எதை வைத்துக்கொள்வது அல்லது எதை வாங்குவது என்ற நிலையில் இருக்கும் சிறு தோட்டக்காரருக்கும் குலை ஏற்றும் குத்தகைக்காரருக்கும் உபயோகப்படும்படியாக, பாரபட்சமின்றிப் பரீட்சிக்கும் முறையை இங்கே விவரிக்கிறேன்.

இந்தப் பிரதேசத்தின் மண்ணை அறியாமல் வண்டியைப் பரீட்சிப்பது வீண். 1917-இல் ஆன்ரி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர், பின்னாளில் நாவலாசிரியராகி 1930-இல் கோன்கூர் பரிசு பெற்றவர், தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வாணிப ரீதியான செம்பனைப் பயிரைத் தொடங்கிய காலத்திலிருந்து இன்றுவரை இங்குள்ள தோட்டங்களின் பிரதான சங்கடம் குலையை வெட்டுவதைவிட வெளியே கொண்டுவருவதுதான். கடலை ஒட்டிய களிமண் மழையில் டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு அதை வழவழப்பான உருளையாக்கிவிடும். உள்ளே ராஜா மூசா பக்கம் போனால் மக்கிய தாவரங்கள் ஆழமாகப் படிந்த கறுப்புச் சதுப்பு மண், சக்கரத்தின் பாரத்தையே தாங்காமல் அமுங்கும். செம்மண்ணும் சரளையும் கொட்டி இறுக்கிய பாதையில் ஓடிய வண்டிக்கும் இவற்றில் ஓடிய வண்டிக்கும் ஒரே கணக்குப் போடுவது நியாயமாகாது.

எனவே முதற்காரியம், வண்டியைத் தொடுவதற்கு முன்பே, நீங்கள் அதனிடம் வாங்கும் வேலை எது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது: மாதத்தில் தார்ச்சாலைப் பயணம் எவ்வளவு, தோட்டப் பாதை எவ்வளவு, சேற்றில் தாழ்ந்த கியரில் ஊர்வது எத்தனை மணி நேரம், சராசரிப் பாரம் எத்தனை கிலோ. இந்த விகிதம் கையில் இல்லாவிட்டால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் பொருளற்றவை.

அடுத்தது, இரு வண்டிகளையும் ஒப்பிடத் தக்க நிலைக்குக் கொண்டுவருவது. இங்கே என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் உழைத்த டீசல் யந்திரங்களுக்கிடையே, பெயர்ப்பலகை உண்டாக்கும் வித்தியாசத்தைவிடப் பராமரிப்பு உண்டாக்கும் வித்தியாசமே பெரிது. காகிதத்தில் பார்த்தால் பேதங்கள் உண்டுதான். ஹைலக்ஸில் வந்த 2446 கன சென்டிமீட்டர் 2எல் யந்திரமும், பஜேரோவின் 2477 கன சென்டிமீட்டர் 4டி56 யந்திரமும், உருளைக்கு வெளியே உள்ள சிறு அறையில் டீசலைப் பீய்ச்சி எரிப்பவை. அந்த அறையின் சுவர் வழியே உஷ்ணம் வீணாவதால், உருளைக்குள்ளேயே நேரடியாகப் பீய்ச்சும் இசுசுவின் 2771 கன சென்டிமீட்டர் 4ஜேபி1, லேண்ட் ரோவரின் 2495 கன சென்டிமீட்டர் 300டிடிஐ ஆகியவற்றுக்கு, மற்றவை சமமாக இருக்குமானால், நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு சிக்கன அனுகூலம் இருக்கவே செய்யும். ஆனால் 'மற்றவை சமமாக' என்ற நிபந்தனை பழைய வண்டியில் நிறைவேறுவது அபூர்வம். அடைபட்ட காற்று வடிகட்டி ஒன்றும் தேய்ந்த நாசில் இரண்டும் சேர்ந்தால் அந்த அனுகூலம் முழுவதையும் விழுங்கிவிடும்.

ஆகையால் இரண்டு வண்டியிலும் காற்று வடிகட்டியையும் டீசல் வடிகட்டியையும் மாற்றுங்கள். வால்வு இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். டயர்க் காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவோரத்து அட்டவணைப்படி நிரப்புங்கள். முன்சக்கரக் குடத்தில் கையால் திருப்பும் பூட்டு இருக்குமானால் தார்ச்சாலைப் பரீட்சையில் அது திறந்திருக்க வேண்டும். புகையையும் கவனியுங்கள்: பாரம் இழுக்கையில் கரும்புகை என்றால் காற்று குறைவு அல்லது டீசல் மிகுதி, சூடேறிய பின்னும் வெண்புகை என்றால் எரியாத டீசல், அதாவது நாசில் அல்லது பம்பின் நேரக் கோளாறு, நீலப்புகை என்றால் யந்திர எண்ணெய் எரிகிறது, அந்த வண்டியோடு சிக்கனம் பேசுவதே வியர்த்தம்.

சக்கரத் தடையை அறிய எளிய உபாயம் ஒன்று உண்டு. ஆளரவமற்ற நேரான தோட்டப் பாதையில், நிர்வாகத்தின் அனுமதியோடு, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, வண்டி தானாக நிற்கும் தூரத்தைக் காலடியால் அளவிடுங்கள். பிறகு எதிர்த்திசையிலும் அவ்வாறே செய்யுங்கள். ஒரு வண்டி மற்றதைவிட வெகு சீக்கிரம் நின்றுவிடுமானால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. நான்கு குடங்களையும் கையால் தொட்டுப் பார்த்தால் எது குற்றவாளி என்பது சூட்டிலேயே தெரிந்துவிடும். இதைச் சரிசெய்யாமல் அளந்தால் நீங்கள் அளப்பது பிரேக்கையே அன்றி யந்திரத்தை அல்ல.

இனி தூரமானி. இங்கே ஏமாறுபவர்கள் அநேகர். தொழிற்சாலையிலிருந்து 235/75ஆர்15 டயரோடு வந்த வண்டிக்குச் சேற்றுக்காக 31 அங்குல டயர் மாட்டியிருந்தால், முன்னதன் விட்டம் ஏறக்குறைய 733 மில்லிமீட்டர், பின்னதன் விட்டம் 787; அதாவது தூரமானி நூறு காட்டும்போது வண்டி உண்மையில் நூற்றேழு ஓடியிருக்கும். பாவம், உரிமையாளர் டயர் மாற்றியதும் டீசல் கூடிவிட்டது என்று அங்கலாய்ப்பார்; கூடியதில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழை. கிள்ளானிலிருந்து கோலா சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் வழியாக சபாக் பெர்ணம் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையின் கிலோமீட்டர்க் கற்களை இருபது கிலோமீட்டர் வரை தூரமானியோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு திருத்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தார்ச்சாலைப் பரீட்சைக்கு இந்தச் சாலையே உத்தமம், ஏனெனில் மேடுபள்ளம் இல்லை. அதிகாலையில் புறப்படுவது நல்லது. பிற்பகலில் எழும் கடற்காற்று, பெட்டிபோன்ற உருவமுடைய பழைய வண்டிகளை வெகுவாகப் பாதிக்கும். ஒரே நிலையத்தில், ஒரே குழாயில், வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி, நுரை அடங்கும்வரை பொறுத்து, கழுத்துவரை நிரப்புங்கள். எண்பது கிலோமீட்டர் வேகத்தை மீறாமல் போய்த் திரும்பி, அதே குழாயில் மீண்டும் நிரப்புங்கள். நிரப்புவதில் அரை லிட்டர் முன்பின் ஆவது சகஜம். பத்து லிட்டர் செலவழித்த பரீட்சையில் அது நூற்றுக்கு ஐந்து பிழை, நாற்பது லிட்டர் செலவழித்த பரீட்சையில் ஒன்றேகால்தான். ஒருநாள் ஓட்டத்தில் முடிவு கட்டாமல் நாற்பது லிட்டராவது தீரும்வரை ஓட்டங்களைச் சேர்த்துக் கணக்கிடச் சொல்வதற்கு இதுவே காரணம். நண்பகலில் ஒருமுறையும் அதிகாலையில் ஒருமுறையும் நிரப்புவதும் கூடாது. பத்துப் பாகை வெப்ப வித்தியாசத்தில் டீசலின் கன அளவு நூற்றுக்கு முக்கால் பங்குக்கு மேல் மாறும்.

தோட்டப் பாதையில் இந்த முறை பயன்படாது, ஏனெனில் அங்கே ஒரு நாளில் எரியும் டீசல் கொஞ்சம். அங்கே வேண்டுவது அளவுக் கலன். ஐந்து லிட்டர்க் கலன் ஒன்றைப் புகைக்குழாய்க்குத் தூரமாக, ஓட்டுநர் அறைக்கு வெளியே உறுதியாகக் கட்டி, டீசல் பம்புக்குச் செல்லும் குழாயை அதில் விட வேண்டும். பட்டறைக்காரர்களில் சிலரும் மறக்கிற சூட்சுமம் ஒன்று இங்கே உண்டு: பம்பு தனக்கு வேண்டியதற்கு மேலாகவே டீசலை இழுத்து, மிஞ்சியதைத் திரும்பு குழாய் வழியாகத் தொட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்தத் திரும்பு குழாயையும் அதே கலனில் விடாவிட்டால், எரியாத டீசல் எல்லாம் எரிந்ததாகக் கணக்கில் ஏறி, நல்ல வண்டியும் பேராசைக்காரன்போல் தோன்றும். குழாய் மாற்றியபின் கைப்பம்பால் காற்றை வெளியேற்றிவிட்டு, கலனைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். திரும்பியதும் மறுபடி நிறுங்கள். குறைந்த எடையைக் கிலோவில் எடுத்து 0.84-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். கண்ணால் கோடு பார்ப்பதைவிடத் தராசு நம்பகமானது. குலை நிறுக்கும் ஊரில் தராசுக்கும் பஞ்சமில்லை.

பாரமாக, நிறுத்த குலைகளையே ஏற்றுங்கள். இரு வண்டிக்கும் சட்டம் அனுமதித்த சுமைக்குள், அதே பாதை, அதே ஓட்டுநர், அதே நாள். சேற்றில் தாழ்ந்த கியரில் ஊரும் வேளைக்குக் கிலோமீட்டர்க் கணக்கு அர்த்தமற்றது. அங்கே மணிக்கு எத்தனை லிட்டர் என்றே குறியுங்கள். குலை ஏற்றும்வரை யந்திரத்தை அணைக்காமல் விடும் வழக்கம் இருந்தால் அதையும் தனியே அளந்துவிடுங்கள். இரண்டரை லிட்டர் யந்திரம் சும்மா நின்றே மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடித்துவிடும்.

ஆற்றல் பரீட்சையில் அதிகபட்ச வேகத்துக்கு இடமே இல்லை. 1961-இல் வந்த லேண்ட் ரோவரின் 2286 கன சென்டிமீட்டர் டீசல் யந்திரம் அறுபது சொச்சம் குதிரைசக்தியே உடையது; ஆயினும் அதன் இழுவிசை மந்தமான சுழற்சியிலேயே கிடைத்துவிடுவதால் தோட்டக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். பாரத்தோடு மூன்றாம் கியரில் முப்பதிலிருந்து அறுபது கிலோமீட்டர் வரை எடுக்கும் விநாடிகளை, இரு திசையிலும், கடிகாரம் பார்ப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து குறிக்கட்டும். ஓட்டுநர் பார்க்க வேண்டாம். ஏற்றம் வேண்டுமானால் கோலா சிலாங்கூர்ச் சமவெளியில் புக்கிட் மலாவத்தியைத் தவிர அதிகம் இல்லை, அதுவும் சுற்றுலா இடம்; கோலா குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குப் போகும் வழியில் கேப் வரை ஏறும் சாலைதான் தகுந்தது. எந்த வளைவில் எந்தக் கியருக்கு இறங்க நேர்ந்தது, வெப்பமானி எவ்வளவு ஏறியது என்பவை அங்கே விநாடிகளைவிட முக்கியம்.

எண்கள் வந்த பின் கணக்கு. பழைய கையேடுகள் கேலனுக்கு மைல் என்று சொன்னால், அது பிரிட்டிஷ் கேலனாயின் 282-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். லிட்டருக்குக் கிலோமீட்டர் என்ற வழக்கத்தை விட்டு இந்த முறைக்கு மாறுவதே நல்லது: ஆறு கிலோமீட்டர் ஓடிய வண்டி ஏழு ஓடினால் நூறு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2.4 லிட்டர் மிச்சம். பதினொன்று ஓடியது பன்னிரண்டு ஓடினால் மிச்சம் முக்கால் லிட்டர்தான். இரண்டையும் 'ஒரு கிலோமீட்டர் கூடியது' என்று சமமாகப் பேசுகிறோம்.

ஆனால் குலை ஏற்றுபவருக்கு இறுதி அளவு டன்தான். லிட்டருக்கு எட்டுக் கிலோமீட்டர் ஓடி 700 கிலோ ஏற்றும் வண்டி, போகவர பத்துக் கிலோமீட்டர்ப் பாதையில் ஏழு டன்னை எடுக்கப் பத்து நடை ஓடிப் பன்னிரண்டரை லிட்டர் எரிக்கும். லிட்டருக்கு ஏழே ஓடி 1,000 கிலோ ஏற்றும் வண்டி ஏழு நடையில் பத்து லிட்டரோடு முடித்துவிடும். காப்பிக் கடையில் தோற்ற வண்டி தோட்டத்தில் ஜெயித்துவிட்டது.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு உயர்ந்த பிறகு இவை வெறும் ரசனை விவகாரமாக இல்லை; மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுபவருக்கு, நூறு கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர் வித்தியாசம் என்பது முன்னே அறுபத்து நான்கரை வெள்ளி, உயர்ந்த விலையில் நூறு வெள்ளி ஐம்பது காசு. நம் தோட்டங்களின் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலந்துவரும் இன்றைய டீசல், பழைய தொட்டியின் அழுக்கைக் கரைத்து வடிகட்டியை அடைக்கவும், பழைய ரப்பர்க் குழாய்களை இளக்கவும் கூடும். நெடுநாள் நின்றுகிடந்த வண்டியை வாங்கினால் இவ்விரண்டையும் மாற்றிய பிறகே பரீட்சையைத் தொடங்குங்கள்.

முடிவுகள் நூற்றுக்கு ஐந்துக்குள் நெருங்கியிருந்தால் அது உங்கள் அளவுப் பிழைக்குள் அடங்கிவிடும். அப்போது எந்த வண்டிக்கு ரவாங்கிலோ கிள்ளானிலோ அன்றே உதிரிப்பாகம் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் அதற்கு மேல் போய், தோற்றது கரும்புகை விடும் வண்டியாக இருந்தால், நாசில்களைச் சோதித்துச் சரிசெய்தபின் தோட்டப் பாதைப் பரீட்சையை மட்டும் ஒருமுறை திரும்ப நடத்துங்கள். வறண்ட மாதத்தில் அளந்தவர்கள் அக்டோபர், நவம்பர் மழையில் இன்னொரு முறை அளப்பது அவசியம்.