கொம்பு என்று எழுதும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

புனே எரவாடாவில், டெக்கன் கல்லூரியின் சமஸ்கிருத அகராதிப் பணியில் சேர்ந்துவிட்டாய். 1948-இல் எஸ்.எம். காத்ரே தொடங்கிய வேலை. முதல் பகுதி அச்சேற 1976 ஆயிற்று. இத்தனை தொகுதிகளுக்குப் பிறகும் அகரத்தில்தான் நிற்கிறார்கள். சுமார் 1,500 நூல்களிலிருந்து எடுத்த, ஒரு கோடியளவு சீட்டுகள் அங்கே இருக்கின்றன. கொம்பைக் குறிக்கும் 'சிருங்கம்' உன் பணிக்காலத்துக்குள் வராது. ஆனாலும் கைப்பழக்கத்துக்கு நம் 'கொம்பை' எழுதி அனுப்பியிருக்கிறாயே, அதுபற்றிச் சில வார்த்தை.

'விலங்கின் தலையில் வளரும் கடினமான உறுப்பு' என்று நேர்ப்பொருளை ஒரே வரியில் முடித்துவிட்டு, உருவகத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். மாட்டுக்கொம்புக்கு உள்ளே எலும்பு, மேலே நகம்போன்ற உறை. மான்கொம்பு முழுக்க எலும்பு; ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும். காண்டாமிருகக் கொம்பில் எலும்பே கிடையாது. யானைக்கொம்போ பல்! நாலும் தமிழில் கொம்புதான். உன் ஒற்றை வரியில் எது அடங்கும்? மாட்டுத் திருநாளான போளா அன்று பக்கத்துக் கிராமத்துக்குப் போ. வர்ணம் பூசிய காளைக்கொம்பின் அடியைத் தொட்டுப் பார், வெதுவெதுப்பாக இருக்கும். ரத்தம் ஓடும் இடம் அது. நுனியில் அந்தச் சூடு இராது.

மரக்கிளை என்ற பொருளுக்கு 'உருவகம்' என்று குறி போட்டிருக்கிறாய். யார் சொன்னது? 'கோடு' என்ற சொல்லுக்கும் கொம்பு, கிளை, மலையுச்சி மூன்றும் உண்டு. எது முந்தியது என்பதை மேற்கோள்களின் காலம் சொல்லட்டும். அது சொல்லாவிட்டால் பொருளுக்கு எண் மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடு. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்ற எழுத்துக் குறிகளில் இந்தச் சிக்கல் இல்லை. வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர்.

'கொம்பு: செருக்கு' என்று பொதுவாகப் போட்டதை அடித்துவிடு. 'அவனுக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது' என்பதற்கு அது பொருந்தலாம். 'கொம்பு சீவிவிடுவது' தூண்டிவிடும் வேலையல்லவா? உன்னைச் சுற்றியுள்ள மராட்டிக்காரர்கள் 'ஷிங்கே மோடூன் வாஸ்ராத் ஷிர்ணே' என்பார்கள். கொம்பை ஒடித்துக்கொண்டு கன்றுகளுக்குள் புகுவது. வயதானவர் இளசுகளோடு கூத்தடிப்பதைக் கேலி செய்வது. அங்கே கொம்பு என்றால் வயது. அதனால் தொடரைத் தொடராகவே பதிவு செய். பிய்த்துப் பொருள் சொல்லாதே.

கடைசியாக, முயற்கொம்பு. சமஸ்கிருதத் தர்க்க நூலார் இல்லாப் பொருளுக்குக் காட்டும் 'சசசிருங்கம்' இதுவேதான். இதில் முயலும் நேர்ப்பொருள், கொம்பும் நேர்ப்பொருள், சேர்ந்தால்தான் இல்லாதது. முயலின் கீழ் வைப்பாயா, கொம்பின் கீழா? காரணத்தோடு எழுது.

அன்புடன்,
அண்ணன்