ஆறடிக்குக் கீழே சத்து இல்லை

சிங்கப்பூரில் பிடோக் பக்கம் கட்டடத்துக்குத் தோண்டிய செம்மண்ணைச் சாக்கில் கட்டிக் காத்தோங் வரை தூக்கி வருகிறார்கள். மல்லிக்கும் கறிவேப்பிலைக்குமாம். “ஆறடிக்குக் கீழே இருப்பது கன்னி மண், யாரும் பயிரிடாதது, சத்தெல்லாம் அங்கேதான்.” சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயில் வாசலிலும் போன வாரம் இதையே கேட்டேன். துணைக்கு ‘அகல உழுவதை ஆழ உழு’ என்ற பழமொழி வேறு. தயவுசெய்து நிறுத்துங்கள்.

செடி கேட்கும் பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் எல்லாம் நேர்மின்னூட்டம் கொண்டவை. மண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருந்தால்தான் அவை ஒட்டி நிற்கும். இல்லையென்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மி.மீ. பெய்யும் இந்த ஊர் மழை அரித்துக்கொண்டு போய்விடும். கோவில்பட்டிக் கரிசலின் மாண்ட்மோரில்லனைட் களிமண்ணில் அந்த மின்னூட்டம் படிகத்துக்குள்ளேயே பதிந்தது, ஆழத்திலும் குறையாது. அங்கே பழமொழி பலிக்கும். இங்கே மழையில் ஊறி ஊறி மிஞ்சியது கயோலினைட் என்ற களிமண்ணும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும்தான். மாண்ட்மோரில்லனைட் கிலோவுக்கு 80 முதல் 120 சென்டிமோல் நேர்மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும். கயோலினைட் 15-ஐத் தாண்டுவது அரிது. ஆக்சைடுகளோ அமில மண்ணில் நேர்மின்னூட்டம் பெற்று, நீங்கள் போடும் பாஸ்பேட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வேருக்கு விடாது. மேலே இருக்கும் சில அங்குலக் கறுப்பு மண்ணில்தான் மட்கு இருக்கிறது. அதன் பிடிப்பு 200 சென்டிமோல் அளவுக்குப் போகும்.

நம்பிக்கை இல்லையா? அடியில் துளையிட்ட இரண்டு கோப்பைகளில் மேல்மண்ணையும் அடிமண்ணையும் நிரப்பி, மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மெத்திலீன் நீலத்தைத் தண்ணீரில் கலந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். அதுவும் நேர்மின்னூட்டச் சாயம்தான். நான் ஊற்றியபோது செம்மண்ணிலிருந்து சீக்கிரமே நீலம் சொட்டியது. கறுப்பு மண்ணிலிருந்து வெகுநேரம் வெறும் தண்ணீர்.

மரின் பரேடு கடற்கரைக்கும் போய்ப் பாருங்கள். 1966 முதல் சிக்லாப், பிடோக் குன்றுகளை வெட்டிக் கடலைத் தூர்த்த நிலம் அது. பெரும்பாலும் அடிமண். அங்கே நெடுக நிற்பது, சத்தற்ற மண்ணிலும் பிழைக்கும் சவுக்கு.

செம்மண்ணின் சிவப்பு இரும்புச்சத்து அல்ல, துரு, எளிதில் கரையாது.

மட்குக்கு எங்கே போவது என்கிறார்கள். தினமும் காலையில் மாமரத்துச் சருகைப் பெருக்கிக் கறுப்புப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புகிறீர்களே, அதுதான் மட்கு! இலையை எரியாலைக்கு அனுப்பிவிட்டு அடிமண்ணைச் சுமந்து வருவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. ஒரு கூடைச் சருகு, மேலே இரண்டு கைப்பிடிப் பழைய மண், காயாமல் கொஞ்சம் ஈரம். இந்த வெக்கையில் சில மாதங்களில் கறுத்துவிடும்.