நிற்கும்போது சூடேறும் மோட்டார் வண்டி

தோட்டங்களில் வாழும் நம் மக்களுக்குத் தஞ்சோங் பகார் என்னும் பெயர் புதியதன்று. நம் மரங்களில் வடித்த பால், ரப்பராகிக் கப்பலேறிய துறைமுகம் அங்கேதான் இருந்தது. 1932-ஆம் ஆண்டில் அங்குத் திறக்கப்பட்ட புகைவண்டி நிலையத்தின் சுவரோவியங்களுள் பால் வெட்டும் காட்சியும் ஒன்று. குளுவாங்கிலோ சிகாமாட்டிலோ வண்டியேறியவர் நேரே அந்நிலையத்தில் போய் இறங்கினார். 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாளோடு அந்நிலையத்திற்குப் புகைவண்டி போவது நின்றுவிட்டது. அதுவரை இயந்திரத்தின் சூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர் வண்டியோட்டி. பழைய மோட்டார் வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது அக்கவலை நம்முடையதாகிவிடுகிறது.

ஒரு பள்ளி விடுமுறையில் நண்பர் ஒருவரின் பழைய புரோட்டோன் சாகாவில் நாம் தஞ்சோங் பகாருக்குப் போனோம். 1924-இல் முறையாகத் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். விடுமுறைக் காலையில் அதைக் கடக்கவோ மணிக்கணக்காகும். பாலத்தின் நடுவே, சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. குளிர்சாதனத்தை நிறுத்திச் சன்னல்களைத் திறந்துவிட்டோம். உட்லண்ட்ஸ் சாவடியைத் தாண்டி விரைவுச்சாலையில் ஓடத் தொடங்கியதும் முள் தானே இறங்கிற்று. “சரியாகிவிட்டது” என்று நண்பர் மகிழ்ந்தார். ஏறத்தாழ 25 கிலோமீட்டர் ஓடித் தஞ்சோங் பகாரின் கடைத்தெருவில் வண்டியை நிறுத்த இடம் தேடி ஊர்ந்தபோது, முள் மறுபடியும் ஏறிற்று.

வண்டியே தன் நோயைச் சொல்லிவிட்டது. கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவே. இயந்திரத்தைச் சுற்றி ஓடும் நீர், அதன் சூட்டை வாங்கிக்கொண்டு முன்புறமுள்ள ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்றுப்பட்டு ஆறுகிறது. வண்டி விரைந்து ஓடும்போது எதிர்க்காற்றே அந்நீரை ஆற்றப் போதும். நிற்கும்போது காற்றேது? தேநீரை நாம் ஊதி ஆற்றுவது போல, அப்போது விசிறிதான் காற்றை இழுத்துத் தர வேண்டும். ஆகவே, நிற்கும்போது சூடேறி ஓடும்போது ஆறும் வண்டியில் முதலில் விசிறியையே ஐயுற வேண்டும். விரைந்து ஓடும்போதும் சூடேறினால் நீர்க்குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, நீர் இறைக்கும் பம்பின் பழுது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கை வைக்குமுன் ஓர் எச்சரிக்கை. ரேடியேட்டர் மூடி, உள்ளேயிருக்கும் நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. அதனால்தான் அந்நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, கொதிநீரும் ஆவியும் முகத்தில் பீறிடும். துணியால் பிடித்துத் திறப்பதும் காப்பாகாது. குறைந்தது அரை மணி நேரம் காத்திருந்து, மேல்குழாயைத் தொட்டால் சுடாத நிலையில் திறக்கவும். மற்றொன்று: சில வண்டிகளில் சாவியை எடுத்த பின்னும் மின்விசிறி திடீரெனச் சுழலும். விசிறியருகே கை கொண்டுபோகுமுன் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

விசிறி இருவகை. டட்சன் 120ஒய் போன்ற பழைய வண்டிகளில் இயந்திரமே பெல்ட்டின் வழியாக விசிறியைச் சுழற்றும். அதில் பார்க்க வேண்டியது குறைவு: இயந்திரத்தை நிறுத்திப் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவே தாழ வேண்டும். மிகுதியாகத் தாழ்ந்தாலோ வெடிப்பு இருந்தாலோ இறுக்கவோ மாற்றவோ வேண்டும்.

சாகா போன்றவற்றில் இருப்பது மின்விசிறி. நீரின் சூடு குறித்த அளவை எட்டியதும் ரேடியேட்டரில் பொருத்தப்பட்ட வெப்பச் சுவிட்சு அதை ஓட வைக்கும். இங்கே பழுது எங்கும் இருக்கலாம். முதலில் பியூசைப் பாருங்கள். செலவில்லாத வேலை இது. அது நன்றாயிருந்தால், விசிறி மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, பியூஸ் கோத்த தடித்த கம்பியால் பேட்டரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் சுழலாவிட்டால் மோட்டார் கெட்டது. பெரும்பாலும் உள்ளேயுள்ள கார்பன் தேய்ந்திருக்கும். சுழன்றால் மோட்டாரில் குறையில்லை. அடுத்து வெப்பச் சுவிட்சு. இரு கம்பிகள் உள்ள சுவிட்சாயின் அதன் இணைப்பைக் கழற்றி, சாவியைத் திருப்பி, அவ்விரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துப் பாருங்கள். விசிறி ஓடினால் சுவிட்சு வேலை செய்யவில்லை என்று பொருள். ஓடாவிட்டால் ரிலேயையும், துருப்பிடித்த இணைப்புகளையும் ஆராய வேண்டும்.

வேலை செய்யவில்லை என்றோமேயன்றிக் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. நண்பரின் வண்டியை முதலில் பார்த்த பட்டறையில் மோட்டாரை மாற்றினார்கள். பிறகு சுவிட்சையும் மாற்றினார்கள். இரண்டு முறை பணம் போயிற்று, சூடு போகவில்லை. உண்மையில் கீழ்க்குழாயின் பிடிவளையம் தளர்ந்து, நீர் சொட்டுச் சொட்டாகக் குறைந்து வந்திருக்கிறது. மேலே காற்று தங்கிவிட்டது. சுவிட்சின் முனை நீரில் நனையாமல் அக்காற்றில் நின்றது. நீரின் சூட்டை அது எப்படி அறியும்? வளையத்தை இறுக்கி, குளிர்ந்த வண்டியில் மூடியைத் திறந்து வைத்தபடி நீரை நிரப்பி, இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை ஊற்றியதும் விசிறி தானே சுழன்றது. எனவே எதையும் வாங்குமுன் நீரளவைப் பாருங்கள் என்பதே நம் கருத்து.

புது மோட்டார் பொருத்தியவர்கள் ஒரு தாளை ரேடியேட்டரின் முன்புறம் பிடித்துப் பார்க்கவும். தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளப்பட்டால், கம்பிகள் மாறிப் பொருத்தப்பட்டு விசிறி தலைகீழாகச் சுழல்கிறது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம்மவரிடையே பரவிய கைவைத்தியம். இதனால் விசிறிக் குறை தீராது. இயந்திரம் தனக்குரிய சூட்டை அடையத் தாமதமாகி எண்ணெய்தான் கூடுதலாகச் செலவாகும். விசிறிக்கு நேரடிக் கம்பி இழுப்பது வீடு திரும்ப உதவலாம். பியூஸ் இல்லாமல் இழுத்தால் கம்பி தீப்பிடிக்கும்.

பாலத்தின் நடுவே முள் ஏறினால் குளிர்சாதனத்தை நிறுத்துங்கள். மின்விசிறி ஓடாத வண்டியில் எண்ணெய் மிதியை அழுத்தி இரைச்சலிடுவது சூட்டைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. வரிசை நகராதபோது இயந்திரத்தை அணைத்துவிடலாம். சிவப்புக் கோட்டைத் தொட்டபின் ஓட்டினால் சிலிண்டரின் தலைப்பகுதி வளையும். அச்செலவு பழைய வண்டியின் விலையையே எட்டிவிடக்கூடும்.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, வீட்டு வாசலில் திறந்தவெளியில் குளிர்சாதனம் இல்லாமல் இயந்திரத்தை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். விசிறி ஒருமுறை சுழன்று நிற்க வேண்டும். சற்று நேரத்தில் மீண்டும் சுழன்று நிற்க வேண்டும். இரண்டாம் முறையையும் கண்ட பிறகே இயந்திரத்தை அணையுங்கள்.