தண்டுவடக் காயமும் சிறுநீர்க் குழாயும்

மூளையின் கட்டளைகளை உடலெங்கும் எடுத்துச் செல்வது தண்டுவடம் என்று நாம் உயிரியல் பாடத்தில் படிக்கிறோம். மரத்திலிருந்து விழுந்தோ, சாலை விபத்திலோ அது சிதைந்தால் கால்கள் செயலிழக்கும் என்பதையும் அறிவோம். ஆனால் சிறுநீர்ப்பையும் செயலிழக்கும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பை நிறைந்ததை மூளை உணராது. நினைத்தபோது சிறுநீர் கழிக்கவும் இயலாது. ஆகவே ‘கதீட்டர்’ எனப்படும் மெல்லிய குழாயின் மூலம் அதனை வெளியேற்றுகிறார்கள்.

உயிர் காக்கும் இக்குழாயால் சில இடர்களும் நேர்கின்றன. குழாய் நெடுநாள் உள்ளேயே இருந்தால் அதன் வழியே கிருமிகள் சிறுநீர்ப்பையை அடையும். சிலவகைக் கிருமிகள் சிறுநீரைக் காரத்தன்மை உடையதாக்கும். அப்போது உப்புகள் படிந்து கற்கள் உண்டாகும், குழாயும் அடைபடும். தேங்கிய சிறுநீர் சிறுநீரகங்களைக் கெடுக்கும்.

நமக்கு நோய் வந்தால் வலி எச்சரிக்கும். இவர்களுக்கோ அந்த வலி தெரியாமற் போகலாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், கலங்கிய சிறுநீர் ஆகியவற்றைக் கொண்டே அறிய வேண்டும். கழுத்திலோ மார்பின் மேற்பகுதியிலோ தண்டுவடம் காயமுற்றவருக்குக் குழாய் அடைபட்டாலே இரத்த அழுத்தம் திடீரென உயரக்கூடும். கடுந்தலைவலியும் வியர்வையும் தோன்றும். உடனே அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, இறுகிய ஆடையைத் தளர்த்தி, குழாய் மடங்கியுள்ளதா என்று பார்த்து, மருத்துவரை அழைக்க வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

முதல் உலகப் போரில் தண்டுவடக் காயமுற்ற வீரர்களுள் மிகப் பலர் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப் புண்ணாலும் மாண்டனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் இந்நிலையை மாற்றத் தொடங்கினார். 1972இல் அமெரிக்காவின் டாக்டர் ஜாக் லாப்பிடஸ், தூய கைகளால் நாளில் பலமுறை குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றியபின் எடுத்துவிடும் எளிய முறையைப் பரப்பினார். இதனை நோயாளியே வீட்டில் செய்துகொள்ளலாம்.

குழாய் நிலையாக உள்ளவருக்கும் நாம் உதவலாம். சோப்பால் கை கழுவிய பின்னரே குழாயைத் தொட வேண்டும். சிறுநீர் சேரும் பை, இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. குழாயை மருத்துவர் கூறிய நாளில் மாற்ற வேண்டும்.

நம் வேலூரின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் கால்களின் செயலை இழந்தார். ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார்; 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் தோன்றக் காரணமானார். தக்க பராமரிப்பு கிடைத்தால் இவர்களும் நெடுங்காலம் வாழலாம், படிக்கலாம், பணியாற்றலாம். சிறுநீர் என்றதும் முகம் சுளிக்காமல், கை கழுவி உதவ நாம் முன்வருவோமாக!