ஓய்வுக்குப் பின்னும் மிதிவண்டி

பகாவ், ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் மிதிவண்டி நெடுங்காலமாக வேலைக்குரிய வாகனமாகவே கருதப்பட்டது. மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டிய கால்கள், 60 வயதில் ஓய்வு பெற்றதும் லயத்து வாசலில் முடங்கிவிடுகின்றன. தசை தளர்வதும் முழங்கால் பிடித்துக்கொள்வதும் அதன்பின் விரைவாகின்றன. சுவரில் சாத்திய மிதிவண்டியை அப்போதுதான் மீண்டும் எடுத்தல் வேண்டும்.

பிரான்சு நாட்டு ரோபேர் மார்ஷான் (1911–2021) காட்டில் மரம் வெட்டியும் பிழைத்தவர். அறுபதைக் கடந்த பின்னரே மிதிவண்டிக்குத் திரும்பிய அவர், 2017 சனவரியில், தமது 105ஆம் வயதில், ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் ஓட்டினார். அவ்வேகம் நமக்கு வேண்டுவதில்லை. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டுமென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அரைமணி வீதம் ஐந்து நாள் ஓட்டினால் அது நிறைவேறும்.

உடலின் எடையை இருக்கை தாங்குவதால் முழங்காலுக்குச் சுமை குறைவு. இருக்கை தாழ்ந்திருப்பின் இந்நன்மை கெட்டு வலியே மிஞ்சும். மிதிகட்டை அடிமட்டத்தில் இருக்கையில், அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம். குறுக்குக் கம்பியைத் தாண்டிக் காலைப் போட இயலாத ஆடவர், பெண்கள் சைக்கிளை ஓட்ட வெட்கப்படுவானேன்?

எலும்பின் வலுவுக்கு மிதிவண்டி மட்டும் போதாது. மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதும் நன்றே. நெஞ்சுவலி, தலைசுற்றல் உடையோர் முதலில் மருத்துவரைக் காண்க. நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ கொள்வோர் வெறும் வயிற்றில் புறப்படலாகாது. சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். செம்பனை லாரிகள் ஓடும் சாலையில் வைகறை வேளையில் செல்வோருக்குப் பின்விளக்கு இன்றியமையாதது.