வண்டியின் முன்சக்கர நடுக்கம்: காரணம் அறியும் முறை

நடுங்கும் நோயாளியைக் கண்ட மாத்திரத்தில் மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. குளிர்சுரத்தாலும் ஒருவன் நடுங்கலாம், அச்சத்தாலும் நடுங்கலாம், முதுமையாலும் நடுங்கலாம். ஆயின் மோட்டார் வண்டி நடுங்கும்போது மட்டும் நம்மிற் பலர் மருந்தை முதலில் வாங்கிவிட்டுப் பின்னரே நோயைத் தேடுகின்றனர். இத்தவறு பொருளை மட்டுமன்றி உயிரையும் கேட்கக்கூடியது. யான் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதனை விளக்கி, பௌதிக சாஸ்திரம் இவ்விஷயத்தில் காட்டும் வழியை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

முகப்பேரில் எங்கள் தெருவில் வசிக்கும் அன்பர் ஒருவர், பந்தல் சாமான்களும் சமையற் பாத்திரங்களும் ஏற்றிச் செல்லும் தொழிலினர். அவரிடம் முன்புறம் ஒற்றை அச்சும் ஸ்பிரிங் பட்டைகளும் உடைய பழைய பிக்கப் வண்டியொன்று உண்டு. மழைக்காலத்தில் தெருவிற் தேங்கும் நீரைக் கடத்தற்கு உதவும் என்றெண்ணி, அவர் அதற்குரிய டயர்களைக் கழற்றிவிட்டுப் பெரிய டயர்களை மாட்டினார். முகப்பேர்த் தெருக்களில் 30 கிலோமீட்டர் வேகத்தில் யாதொரு குறையும் தோன்றவில்லை. ஒருநாள் சென்னைப் புறவழிச்சாலையில் வேகம் 70ஐத் தொட்டது. பாலத்தின் இணைப்பொன்றில் சக்கரம் ஏறி இறங்கியதும், ஸ்டீயரிங் கையினின்று பிடுங்கிக்கொள்வதுபோல் இருபுறமும் வெட்டி ஆடத் தொடங்கியது. பின்னால் ஒரு லாரி. பக்கத்தில் அவருடைய மகன். வேகம் 20க்கு இறங்கும்வரை அவ்வாட்டம் ஓயவில்லை.

மறுநாளே அவர் ஸ்டீயரிங் டாம்பர் என்னும் அதிர்வு தணிக்கும் குழாயை வாங்கிப் பூட்டினார். நடுக்கம் நின்றது. இரண்டு திங்கள் கழித்து முன்னினும் கொடிதாய் மீண்டும் வந்தது.

இந்நோய் புதியதன்று. 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனியார் குறைந்த காற்றழுத்தமுடைய அகன்ற ‘பலூன்’ டயர்களை வெளியிட்டனர். பயணம் மெத்தென்றிருந்தது, ஆனால் முன்சக்கரங்கள் துள்ளி ஆடத் தலைப்பட்டன. அக்காலத்தில் பிரபலமாயிருந்த ஷிம்மி என்னும் நடனத்தின் பெயரையே அந்நடுக்கத்திற்கும் இட்டனர். 1925இல் பிரெஞ்சுப் பொறியியலறிஞர் புரூல்லியே என்பவர் இதனை ஆராய்ந்து எழுதினார். 1934இல் அமெரிக்கக் கார்கள் பலவற்றில் முன்சக்கரங்கள் தனித்தனியே தாங்கப்பெற்றமைக்கு, இந்நடுக்கத்தை ஒழிக்கும் நோக்கமும் ஒரு காரணமாகும். ஒற்றை அச்சுடைய வண்டிகளிலோ இஃது இன்றும் தலைகாட்டுகின்றது.

இனி, பெரிய டயர் செய்யும் வேலை யாதெனப் பார்ப்போம். 235/75 ஆர் 15 என்று குறிக்கப்பெற்ற டயரின் விட்டம் சுமார் 733 மில்லிமீட்டர். 31 அங்குல டயரின் விட்டம் 787. வேற்றுமை நூற்றுக்கு ஏழே என்று தோன்றும். ஆயின் சுழலும் பொருளின் சடத்துவம் எடையோடும் ஆரத்தின் வர்க்கத்தோடும் வளர்வது; ஆதலின் சக்கரத்தைத் திருப்புவதும் நிறுத்துவதும் மிகக் கடினமாகின்றன. வெளியே தள்ளி நிற்கும் அகன்ற ரிம், சாலையின் ஒவ்வொரு இடியையும் நீண்ட நெம்புகோல்போல் ஸ்டீயரிங்குக்குக் கடத்துகின்றது. மேலும், சுழலும் சைக்கிள் சக்கரத்தின் அச்சை இரு கைகளாலும் பிடித்து ஒருபுறம் உயர்த்தினால், அது பக்கவாட்டில் திரும்ப முயல்வதை ஆய்வுச்சாலையில் நாம் கண்டிருக்கின்றோம். ஒற்றை அச்சில் ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது நிகழ்வதும் அதுவே. ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளுவது போல, ஒவ்வோர் ஆட்டமும் அடுத்த ஆட்டத்தைத் தள்ளுகின்றது. மூட்டுக்கள் இறுக்கமாயிருப்பின் அது விரைவில் அடங்கும், தளர்ந்திருப்பின் வளரும்.

ஆகவே நடுக்கம் இருவகைப்படும். முதலாவது, எடைச் சமமின்மையால் வருவது. 31 அங்குல டயர் 80 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஒன்பது முறை சுழலும். ரிம்மின் ஓரத்தில் 60 கிராம் சமமின்மை இருப்பின், ஒவ்வொரு சுற்றிலும் மூன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட எடைக்கு ஒப்பான விசை சக்கரத்தை இழுக்கும். இந்நடுக்கம் ஒரு குறித்த வேகத்தில் மெல்லத் தோன்றி, அவ்வேகம் கடந்தபின் பெரும்பாலும் குறையும். இரண்டாவது, மேட்டிலோ பள்ளத்திலோ இடித்தவுடன் திடீரெனத் தோன்றித் தானே வளர்வது. வேகத்தைக் குறைத்தாலன்றி ஓயாதது. இது தளர்ச்சியின் அடையாளம். இவற்றினின்று வேறாக, பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வருவது டிரம்மின் அல்லது டிஸ்க்கின் கோணலைக் குறிக்கும். ஸ்டீயரிங்கில் இன்றி இருக்கையில் உணரப்படுவது பெரும்பாலும் பின்சக்கரங்களிலிருந்து வருவது. எனவே, ‘எப்பொழுது நடுங்குகின்றது?’ என்பதே முதற் கேள்வி. இதற்குக் காசு செலவில்லை.

அடுத்துச் செய்யத்தக்கவற்றை வரிசையாகக் கூறுவேன். டயர்களின் காற்றை அளந்து சரி செய்க. டயர்களில் வீக்கமோ ஒருபுறத் தேய்மானமோ உண்டா என்று கையால் தடவிப் பார்க்க. முன்டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டுக; நடுக்கமும் உடன் பின்னுக்குச் சென்றால் குற்றம் டயரிலோ ரிம்மிலோ உள்ளது. பின்னர்ச் சமதரையில் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துக. சக்கரத்தின் அருகே ஒரு சுண்ணக்கட்டியை அசையாது பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றினால், அது வட்டமாய் ஓடுகின்றதா என்பது விளங்கும்.

சக்கரத்தை மேலும் கீழும் பற்றி அசைக்க. ஆட்டம் இருப்பின், துணைவர் ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் அசைக்க. ஆட்டம் மறைந்தால் குற்றம் சக்கர பேரிங்கில், மறையாவிடின் கிங்பின்னில். பின்பு சக்கரத்தை இடமும் வலமும் பற்றி அசைத்தால் டை ராடு மூட்டுக்களின் தளர்ச்சி தெரியும். இறுதியில் வண்டியைத் தரையில் இறக்கி, எஞ்சின் ஓடாத நிலையில் துணைவர் ஸ்டீயரிங்கைச் சிறிதே இருபுறமும் திருப்ப, நாம் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்த்தல் வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளின் புஷ்களையும் யு-போல்ட்டுகளையும் மறத்தலாகாது. இவை யாவும் சரியான பின்னரே பாலன்சிங்கும் அலைன்மென்ட்டும். வண்டியை உயர்த்தியிருப்பின், கிங்பின் சாய்வாகிய காஸ்டர் கோணமும் மாறியிருக்கும். அதனையும் அளப்பித்தல் வேண்டும். தளர்ந்த மூட்டுடன் அலைன்மென்ட் செய்வது, ஆடும் தராசில் பொன் நிறுப்பதை ஒக்கும்.

எங்கள் அன்பரின் வண்டியை இம்முறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதித்தோம். பிரேக்கை அழுத்தியபின்னும் இடப்புறச் சக்கரம் ஆடியது. கிங்பின் பேரிங் தேய்ந்திருந்தது. டை ராடு முனையொன்றும் தளர்ந்திருந்தது. பழைய டயர்களிருந்தபோது அத்தளர்ச்சி வெளித்தோன்றவில்லை. பெரிய டயர் அதனை வெளிப்படுத்தியது. டாம்பர் அதனை இரண்டு திங்கள் மூடி மறைத்தது. அவ்விரண்டு திங்களும் அவர் தம் மகனுடன் அச்சாலையிலேயே சென்று வந்தார் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் துணுக்குறுகின்றது. டாம்பர் தன்னளவில் தீயதன்று; அறிகுறியை அடக்குவதை நோய் தீர்ந்ததாகக் கொள்வதே தீது.

அன்பர் பேரிங்கையும் டை ராடு முனையையும் மாற்றியதோடு, பழைய அளவு டயர்களையே மீண்டும் மாட்டிக்கொண்டார். அது சட்டத்திற்கும் இயைந்ததே. உற்பத்தியாளர் குறித்த அமைப்பினின்று வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது.

முகப்பேரின் அண்டையிலுள்ள பாடியில் 1960களிலிருந்து சக்கரங்களும் பிரேக்குகளும் செய்யப்பட்டு வருகின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் கூப்பிடு தூரத்திலேயே இருக்கின்றது. வகுப்பில் நாம் கற்கும் ஒத்ததிர்வும் சடத்துவமும் அங்கே இரும்பாய் உருப்பெறுகின்றன. ஒரு காரணத்தை ஐயுற்றால் அதனை மட்டும் சோதித்து, விடை கிடைத்த பின்னரே அடுத்ததற்குச் செல்லுதல் சாஸ்திரத்தின் முறை. ஜாக்கியும் சுண்ணக்கட்டியும் பொறுமையும் உடைய எவர்க்கும் அம்முறை கைகூடும்.