சட்டம் நம்முடையது, ஒப்புதல் டெல்லியுடையதா?

கேள்வி: சட்டசபையில் நிறைவேற்றிய மசோதாவுக்கு எதற்காக டெல்லியின் ஒப்புதல்? மாநில அரசு மத்திய அரசுக்குக் கீழ்ப்பட்டது என்றால், கூட்டாட்சி என்று எதைச் சொல்கிறோம்?
- கல்லூரி மாணவி, மேலூர்

பதில்: கீழ்ப்பட்டது இல்லை. கோட்டையில் இருப்பது டெல்லியின் கிளை அலுவலகம் அல்ல. இரண்டு அரசுகளுக்கும் அதிகாரம் ஒரே அரசியல் சாசனத்திலிருந்துதான் வருகிறது. யார் எதில் சட்டம் போடலாம் என்பதை அதன் ஏழாவது அட்டவணை மூன்று பட்டியல்களாகப் பிரித்துச் சொல்கிறது. ராணுவம், வெளியுறவு, ரயில்வே எல்லாம் மத்தியப் பட்டியல். போலீஸ், பொது சுகாதாரம், விவசாயம் மாநிலப் பட்டியல். எதிலும் சொல்லாமல் விட்டது நாடாளுமன்றத்துக்குப் போகும். அமெரிக்காவில் இது நேர்மாறு. மத்திய அரசுக்குக் கொடுக்காத அதிகாரம் அங்கே மாநிலங்களிடமும் மக்களிடமும் தங்கிவிடுகிறது.

உங்கள் கேள்வியின் முடிச்சு மூன்றாவதான பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதில் இருவருமே சட்டம் போடலாம். இரண்டும் முட்டிக்கொண்டால் மத்தியச் சட்டமே நிற்கும் என்கிறது 254-ஆவது பிரிவு. ஆனால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றுவிட்டால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் நிற்கும். குடியரசுத் தலைவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆகவே ஒப்புதல் என்பது நடைமுறையில் மத்திய அரசின் சம்மதம்தான்.

ஜல்லிக்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மிருகவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் 17-ஆவது இனம். அதில் 1960-இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. 2009-இல் தமிழகம் போட்ட ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் அதற்கு முரணானது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டு கேட்டு மெரினாவில் கூட்டம் திரண்டபோது அரசு வேறு வழியில் போனது. அந்த மத்தியச் சட்டத்தையே தமிழகத்துக்கு மட்டும் திருத்தும் அவசரச் சட்டம், குடியரசுத் தலைவரின் அனுமதியோடு வந்தது. 23-ஆம் தேதி மசோதா நிறைவேறியது. அந்த மாதம் முடிவதற்குள் ஒப்புதலும் கிடைத்தது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இப்போது அடுத்ததைப் பாருங்கள். 2017 பிப்ரவரி 1-ஆம் தேதி அதே சட்டசபை, மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்விலிருந்து விலக்கு கேட்டு இரண்டு மசோதாக்களை நிறைவேற்றியது. கல்வியும் பொதுப் பட்டியலில் இருப்பதால் அதே வழிதான், ஆனால் ஒப்புதல் மறுக்கப்பட்டது. 2022-இல் மறுபடி நிறைவேற்றி அனுப்பிய மசோதாவுக்கும் அதே கதி. அந்தச் செய்தி சட்டசபையில் சொல்லப்பட்டது 2025 ஏப்ரலில். ஒன்றுக்குச் சில நாட்கள், இன்னொன்றுக்கு ஆண்டுக்கணக்கு. சாசனத்தில் குடியரசுத் தலைவருக்குக் காலக்கெடுவும் இல்லை, மறுத்தால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. 2025-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு மூன்று மாதக் கெடு வைத்துப் பார்த்தது; நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது என்று அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொல்லிவிட்டது. மறுக்கும் அதிகாரம் இருக்கட்டும். லட்சக்கணக்கான மாணவர்களின் படிப்பு சம்பந்தப்பட்ட மசோதாவைப் பதிலே சொல்லாமல் வைத்திருப்பது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: கல்வி ஒருகாலத்தில் மாநிலப் பட்டியலில் இருந்ததாமே? மாற்றியபோது நம்மைக் கேட்டார்களா?
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

பதில்: இருந்தது, ஐயா. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், 42-ஆவது திருத்தம் கல்வியையும் காடுகளையும் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. ஏழாவது அட்டவணையில் கைவைக்க நாடாளுமன்றம் மட்டும் போதாது. இரு அவைகளிலும் வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டசபைகளும் ஏற்க வேண்டும். கூட்டாட்சிக்கு நம் சாசனம் போட்டிருக்கும் வலுவான பூட்டு இதுதான். அந்த ஆண்டு மாநிலங்கள் ஏற்கத்தான் செய்தன. ஆனால் தமிழகத்தில் ஏற்கவோ எதிர்க்கவோ சட்டசபையே இல்லை. 1976 ஜனவரி 31-ஆம் தேதி திமுக ஆட்சி கலைக்கப்பட்டு, இங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திரும்பக் கொண்டுவரவும் அதே மூன்றில் இரண்டு பங்கும், அதே பாதி மாநிலங்களும் தேவை.